அக்காவும் கஷாங்காவும்



போலந்து நாட்டுக்குப் போய் வந்த கதையை எழுதும்படி உடன் பணியாற்றும் ஆசிரியர்கள் பலமுறை கேட்டுவிட்டனர். கிராக்கோவ் நகரத்து அரண்மனையைப் பற்றியும் வியெலிச்கா உப்புச் சுரங்கத்தைப் பற்றியும் எழுதுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவற்றைப் பற்றி எழுத எத்தனையோ பேர் இருக்கின்றனர். நான் எழுதப்போவது ஓர் உணவைப் பற்றி. பன்றிக் குடலுக்குள் இரத்தத்தையும் தானியத்தையும் அடைத்து வேகவைத்த பண்டம் அது. முகம் சுளிக்காமல் சற்றுப் பொறுமையாகப் படியுங்கள்...

அதன் பெயர் கஷாங்கா. 'காஷா' என்றால் போலந்து மொழியில் உடைத்த தானியம், நம் நொய்யைப் போன்றது. பக்வீட் என்னும் தானியத்தையோ வாற்கோதுமையையோ வேகவைத்து, அதனோடு பன்றி இரத்தம், ஈரல், நுரையீரல், தோல், கொழுப்பு ஆகியவற்றைச் சேர்த்து, வெங்காயம், மிளகு, மார்ஜோரம் என்னும் மணமூட்டும் இலை முதலியவை கலந்து குடலில் அடைக்கிறார்கள். வெந்து வரும்போது கறுப்பும் பழுப்பும் கலந்த நிறம். சைலீசியப் பகுதியினர் இதனைக் 'க்ருப்னியோக்' என்கின்றனர். அந்தச் சைலீசிய வகைக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2016-ஆம் ஆண்டில் புவிசார் குறியீட்டுப் பாதுகாப்பே வழங்கியிருக்கிறது! நாட்டின் வேறு சில பகுதிகளில் இதற்குக் 'கிஷ்கா' என்று பெயர். அச்சொல்லுக்குக் குடல் என்றே பொருள். அதே சொல்லை அந்நாட்டு யூதர்களும் தங்கள் உணவு ஒன்றுக்கு வைத்திருந்தனர். ஆனால் அவர்களின் குடலுக்குள் மாவும் கொழுப்பும் மட்டுமே இருக்கும். இரத்தம் உண்பது அவர்களின் சமயத்தில் விலக்கப்பட்டது.

இனி, எனக்கும் போலந்துக்கும் என்ன தொடர்பு என்பதைச் சொல்லிவிடுகிறேன். என் அக்காவின் மகன் அரசாங்க உபகாரச் சம்பளத்தில் கிராக்கோவ் நகரத்து யாகியெல்லோனியப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் படித்தான். 1364-இல் தொடங்கப்பட்ட பழம்பெரும் பல்கலைக்கழகம் அது. மலேசிய மாணவர்கள் பலர் அங்குச் சென்று படித்திருக்கின்றனர். 2018-ஆம் ஆண்டு ஜூன் மாதம் அவனுடைய பட்டமளிப்பு விழா. அக்காவுக்கு வானூர்தி ஏறிப் பழக்கமில்லை, ஆங்கிலமும் தடுமாற்றம். ஆகவே பள்ளி விடுமுறையோடு சில நாள் விடுப்பும் எடுத்துக்கொண்டு நான் துணைக்குப் போனேன்.

அவன் ஒரு மூதாட்டியின் வீட்டில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். 1946-இல் பிறந்தவர், கணவரை இழந்தவர். அவரைப் 'பாப்ச்சா' என்றே அழைத்தான். அவர்கள் மொழியில் பாட்டி என்று பொருள். ஆறு ஆண்டுகள் தம் வீட்டில் இருந்த பிள்ளையின் தாய் வந்திருக்கிறாள் என்று அந்த அம்மையார் விருந்து வைத்தார். மேசையின் நடுவே ஓர் இரும்பு வாணலி. அதில் வெங்காயத்தோடும் ஆப்பிள் துண்டுகளோடும் வறுபட்ட கஷாங்கா. பக்கத்தில் உருளைக்கிழங்கும் புளித்த முட்டைக்கோசும்.

"அம்மா, இது பன்றி இரத்தம். வேண்டாமென்றால் நான் சொல்லிவிடுகிறேன். அவர் வருத்தப்பட மாட்டார்" என்றான் மகன், தமிழில்.

நாங்கள் பன்றி இறைச்சி உண்ணாதவர்கள் அல்லர். தோட்டத்தில் வேட்டைக்குப் போனவர்கள் காட்டுப்பன்றிக் கறி கொண்டுவந்தால் எங்கள் லயத்தில் எல்லா வீட்டு அடுப்பிலும் அது கொதிக்கும். ஆனால் அக்கா மாட்டேன் என்று சொல்லிவிடுவார் என்றே நான் எண்ணினேன். நகரத்திற்குக் குடிவந்த பிறகு அக்கா தோட்டத்து உணவு எதையும் சமைத்ததில்லை. கருவாட்டை வீட்டுக்குள்ளேயே விடமாட்டார். அப்படிப்பட்டவர் முள்கரண்டியால் ஒரு துண்டை எடுத்து, உடைத்து, முகர்ந்து பார்த்தார். வாயிலிட்டு மென்றார். இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

"தேங்காய்ப்பூதான் இல்லை" என்றார்.

மருமகனுக்கு (அக்காள் மகனை அப்படித்தான் நான் அழைப்பது, உறவுமுறைப் பிழை தேட வேண்டாம்!) ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. ஆட்டு இரத்தப் பொரியல்!

தங்கள் வீட்டில் இதுபோல் உண்டா என்று அந்த அம்மையார் கேட்டார். உண்டு என்று அக்கா தலையசைத்ததும் அவருக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைப் பார்க்க வேண்டுமே! நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு தம் கதையைச் சொல்லத் தொடங்கினார். மகன் இடையிலிருந்து மொழிபெயர்த்தான்.

அவர் பிறந்தது தென்போலந்தில் ஒரு சிற்றூரில். கிறிஸ்துமசுக்கு முன்னர், பனிக்காலத்தில் வீட்டில் வளர்த்த பன்றியை அறுப்பார்கள். அன்றைக்கு முதலில் உருவாகும் உணவு கஷாங்கா. தொடையையும் விலாவையும் உப்பிட்டுப் புகையூட்டி மாதக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். இரத்தத்தை வைத்துக்கொள்ள முடியாது. அது காத்திருக்காது. ஆகவே அன்றே செய்து, அன்றே அண்டை வீடுகளுக்கும் கொடுத்துவிடுவார்கள். இரத்தத்தைக் கலக்கும் வேலை சிறுமியாக இருந்த அவருடையது. சூடான இரத்தம் வாளியில் விழுந்ததும் நிறுத்தாமல் கையால் கலக்கிக்கொண்டே இருக்க வேண்டும். நிறுத்தினால் உறைந்துவிடும், பிறகு தானியத்தோடு சேராது. கலக்கக் கலக்க வெள்ளை நூல் போன்ற ஒன்று விரல்களில் சுற்றிக்கொள்ளும். அதனை எடுத்துப் போட்டுவிட்டால் இரத்தம் நீராகவே இருக்கும். (அந்த நூலின் பெயர் ஃபைப்ரின் என்று புதிய மருத்துவர் இடையில் புகுந்து விளக்கம் அளித்தார். அதற்குத்தானே அரசாங்கம் படிக்க வைத்தது!) "அந்தக் குளிரில் சூடாக இருந்தது என் வலக்கை ஒன்றுதான்" என்று சொல்லிக் கையைத் தூக்கிக் காட்டினார்.

அவர் சிறுமியாக இருந்த 1950-களில் குடியானவர்கள் தானியத்தையும் கால்நடையையும் அரசு குறித்த விலைக்குக் கட்டாயமாகக் கொடுத்தாக வேண்டும். 1972-இல்தான் அக்கட்டாயம் நீங்கியது. ஓராண்டு அவருடைய தந்தையார் கணக்கில் காட்டாத பன்றி ஒன்றை இரவோடு இரவாக அறுத்தாராம். பன்றியின் ஓலம் ஊருக்கே கேட்கும், மறைக்க முடியுமா? மறுநாள் விடிவதற்குள் சுற்றியிருந்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கஷாங்கா போய்ச் சேர்ந்தது. வாங்கி உண்டவர்கள் எவரும் காட்டிக்கொடுக்கவில்லை. பின்னர் அவர் கிராக்கோவ் நகரத்தில் இரு பிள்ளைகளோடு வாழ்ந்தபோது, 1981-இல் இறைச்சிக்குப் பங்கீட்டு அட்டை வந்தது. அது 1989 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் ஊரிலிருந்து தம்பி இரயிலேறி வருவாராம். செய்தித்தாளில் சுற்றிய கஷாங்கா அவருடைய மேலங்கிக்குள் இருக்குமாம்.

வாத்து இரத்தத்தில் செய்யும் 'செர்னினா' என்னும் கறுப்புச் சாற்றைப் பற்றியும் சொன்னார். பழைய காலத்தில் பெண் கேட்டு வந்தவனுக்கு அந்தச் சாற்றை ஊற்றினால் பெண் கொடுக்க விருப்பமில்லை என்று பொருளாம். ஆதாம் மிக்கியேவிச் 1834-இல் வெளியிட்ட 'பான் ததேவுஷ்' காவியத்திலும் இவ்வழக்கம் இடம்பெறுகிறது. "உனக்கு எந்த வீட்டிலாவது ஊற்றினார்களா?" என்று மருமகனைக் கேட்டுச் சிரித்தார்.

இவற்றையெல்லாம் அவர் சொன்ன விதம்தான் என்னைக் கவர்ந்தது. வறுமையைச் சொன்னார், அச்சத்தைச் சொன்னார். வெட்கம் மட்டும் எங்குமே இல்லை. விருந்தாளி வரும் நாளில் அதைச் சமைத்து மேசையின் நடுவே வைக்கிறாரே!

பிறகு அக்காவைப் பார்த்து, "உங்கள் வீட்டில் யார் கலக்கினார்கள்?" என்று கேட்டார்.

அக்கா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "நாங்கள் கலக்க மாட்டோம். உறைய விடுவோம்" என்று தொடங்கினார். மகன் மொழிபெயர்த்துக்கொண்டே வந்தவன், நடுவில் மொழிபெயர்ப்பதை நிறுத்திவிட்டான். அம்மையாரும் வற்புறுத்தவில்லை.

எங்கள் தோட்டம் கெடாவில் இருந்தது. பெயர் வேண்டாம் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அப்பா 1984-இல் நெஞ்சு நோயால் இறந்தார். எனக்கு நான்கு வயது, அக்காவுக்குப் பன்னிரண்டு. அம்மா ஒருவர் பால்மரம் வெட்டிய சம்பளத்தில் நாங்கள் வாழ்ந்தோம். சம்பளம் போட்ட வாரத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்தில் ஆடு விழும். சில குடும்பங்கள் சேர்ந்து அறுத்துக் கூறு போட்டுக்கொள்வார்கள். கூறு வாங்கப் பணம் இல்லாதவர்களுக்கு, உதவிக்கு நின்றால் இரத்தமும் சில வேளை குடலும் கிடைக்கும். அப்பா இருந்தவரை அவர் போய் நின்றார். அவருக்குப் பின் அக்கா போய் நின்றார்.

அலுமினியச் சட்டியில் கொஞ்சம் தண்ணீர், ஒரு சிட்டிகை உப்பு. அதை ஆட்டின் கழுத்தடியில் சிந்தாமல் ஏந்திப் பிடிக்க வேண்டும். வீட்டுக்கு வருவதற்குள் தயிர் போல் உறைந்திருக்கும். அதைக் கீறி, மஞ்சள்தூள் போட்ட வெந்நீரில் வேகவைத்து, ஆறியதும் கையால் உதிர்த்து, ஒட்டியிருக்கும் முடியையும் தூசியையும் பொறுக்கிவிட்டு, சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் தாளித்துக் கிளற வேண்டும். வாரத்திற்கு ஒரு தேங்காய் வாங்க முடிந்தால் தேங்காய்ப்பூ. முடியாவிட்டால் லயத்துக்குப் பின்னால் நின்ற முருங்கையிலிருந்து ஒரு கை கீரை. 'பிள்ளைக்கு இரத்தம் ஊறும்' என்று அம்மா எனக்கு முதலில் வைப்பார். வசதியுள்ள வீட்டில் அதே காரணத்துக்காகச் சுவரொட்டி வாங்கிக் கொடுப்பார்கள். இரத்தத்தில் இரும்புச் சத்து மிகுதி என்பது உண்மைதான். எங்கள் வீட்டில் அதைச் சமைத்ததற்குக் காரணம் அது இலவசம் என்பது!

இவை எனக்கு ஓரளவு நினைவுள்ளவை. நினைவில் இல்லாததை, இருக்க வழியில்லாததை, அக்கா அந்த மேசையில் சொன்னார்.

நகரத்து இடைநிலைப்பள்ளிக்கு அக்கா தோட்டத்துப் பிள்ளைகளோடு லாரியில் போய் வந்தார். ஞாயிற்றுக்கிழமை சட்டியோடு நின்றதைப் பார்த்த எவரோ ஒருவர் திங்கட்கிழமை லாரியில் ஒரு பெயர் வைத்தார். 'இரத்தக்காட்டேரி'. பெயர் லாரியிலேயே நின்றிருந்தால் அக்கா தாங்கியிருப்பார். அது வகுப்பறைக்குள் வந்தது. ஒரு நாள் வருகைப் பதிவேட்டைப் படித்த ஆசிரியர் ஒருவர், அக்காவின் முறை வந்ததும் சொந்தப் பெயருக்குப் பதிலாக அந்தப் பெயரைச் சொல்லிச் சிரித்தாராம். வகுப்பே சிரித்தது. விளையாட்டாகத்தான் சொல்லியிருப்பார் என்று அக்காவே அவருக்காகப் பரிந்தும் பேசினார். ஆனால் அதன் பிறகு அந்தப் பெயரைச் சொல்ல எவரும் தயங்கவில்லை. ஆசிரியரே சொல்லிவிட்டாரல்லவா!

1987-இல், எஸ்.ஆர்.பி. தேர்வுக்குச் சில மாதங்களே இருந்தபோது அக்கா பள்ளிக்குப் போவதை நிறுத்திவிட்டார். 'படிப்பு ஏறவில்லை' என்று அம்மாவிடம் சொன்னார். எங்கள் குடும்பத்தில் முப்பது ஆண்டுகளாக வழங்கி வந்த செய்தியும் அதுதான். உறவினர் வீட்டுத் திருமணங்களில், 'மூத்தவளுக்குப் படிப்பு ஏறவில்லை, இளையவள் டீச்சர்' என்று எங்களை அறிமுகப்படுத்துவார்கள். அக்கா சிரித்துக்கொண்டு நிற்பார்.

அதே 1987-இல்தான் நான் ஒன்றாம் ஆண்டில் சேர்ந்தேன். சில மாதங்கள் அண்டை வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட அக்கா, பிறகு பிறையில் இருந்த மின்னணுத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனார். விடியற்காலையில் தொழிற்சாலைப் பேருந்து வந்து ஏற்றிக்கொள்ளும். என் காலணியும் புத்தகப்பையும், பின்னாளில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கு நான் எடுத்துப்போன பெட்டியும் அந்தச் சம்பளத்தில் வாங்கியவை.

"ஏன் அம்மாவிடம் சொல்லவில்லை?" என்று கேட்டேன்.

"சொன்னால் அம்மா இரத்தம் வாங்க விட்டிருக்க மாட்டார்கள், பாப்பா. அப்புறம் ஞாயிற்றுக்கிழமை என்ன சாப்பிடுவது?" என்றார் அக்கா.

மகன் எழுந்துபோய்ச் சன்னல் அருகே நின்றான். பாப்ச்சா ஒன்றும் கேட்காமல் அக்காவின் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார்.

நாடு திரும்பிய பிறகு, ஜூலை மாதம், என் நான்காம் ஆண்டு மாணவர்களுக்கு 'எனக்குப் பிடித்த உணவு' என்னும் தலைப்பில் கட்டுரை கொடுத்தேன். ஆசிரியர்களுக்குத் தெரியும், இத்தலைப்பில் பெரும்பாலும் என்ன வரும் என்று. நாசி லெமாக், பீட்சா, கோழிச்சோறு. பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்ததை எழுதுவதில்லை, பிடித்திருக்க வேண்டியதை எழுதுகின்றனர். இதற்குப் பெற்றோரும் ஒரு காரணம் என்பேன். உணவு டப்பாவில் கருவாட்டுச் சம்பல் வைக்காதே, வகுப்பில் வீச்சம் அடிக்கும் என்று கண்டிக்கும் தாய்மார்களை நான் அறிவேன்.

ஒரு மாணவனின் தாளில் 'கோழி வறுவல்' என்று எழுதியிருந்தது. அதன் கீழே அழிப்பானால் தேய்த்த தடம். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் 'இரத்த' என்பது வரை படிக்க முடிந்தது. கடந்த ஆண்டாக இருந்தால் அதைப் படித்திருக்க எனக்குக் காரணமே இருந்திருக்காது. ஓய்வு நேரத்தில், வகுப்பில் எவரும் இல்லாதபோது, அவனைப் பக்கத்தில் உட்கார வைத்து, அதை வீட்டில் யார் செய்வார்கள் என்று கேட்டேன். பாட்டி என்றான். எப்படிச் செய்வார்கள் என்று கேட்டேன். வாயைத் திறந்து இரண்டு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசாத பிள்ளை, மணியடிக்கும் வரை பேசினான்! 'கெட்டியாப் போயிடும் டீச்சர்' என்றவனுக்கு 'உறைதல்' என்னும் சொல்லை எழுதிக் காட்டினேன். 'தாளித்தல்' அவனுக்கே தெரிந்திருந்தது, ளகரம்தான் தடுமாறியது.

மறுநாள் வேறொரு தாளில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தான். நான் அதனை வகுப்பில் வாசிக்கச் சொல்லவில்லை, சுவரில் ஒட்டவும் இல்லை. நல்ல கட்டுரையை எல்லார் முன்னிலையிலும் வாசிக்க வைக்க வேண்டும் என்று பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்குக் கற்பித்தனர். எல்லாக் கட்டுரைக்கும் அது பொருந்தாது. பிள்ளையின் பெயரைக் காப்பது முதல் வேலை.

அக்கா அந்தப் பயணத்திற்குப் பிறகு இரத்தம் தேடத் தொடங்கினார். கிடைக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் காரணம் தெளிவு. தோட்டத்தில் ஆட்டை நாமே அறுத்தோம். நகரத்தில் ஆட்டிறைச்சி விற்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் அன்பர்கள். அவர்களின் முறைப்படி இரத்தம் வடிந்து வெளியேற வேண்டும். அதை உண்பது விலக்கப்பட்டது. அதை விலைக்குக் கேட்பதே முறையன்று. பேரங்காடியில் இருப்பதோ ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்து வந்த இறைச்சி. பினாங்குக் கறி மீயில் மிதக்கும் இரத்தக் கட்டி பன்றியுடையது, சீனர் கைப்பக்குவம். ஆக, இரத்தப் பொரியல் நம் வீடுகளிலிருந்து போனதற்கு வெட்கம் மட்டும் காரணமன்று. தோட்டம் போனதும் ஆடு போயிற்று, ஆட்டோடு சட்டி ஏந்தும் வேலையும் போயிற்று.

கடைசியில் 2019-ஆம் ஆண்டு ஆடி மாதம், நகருக்கு வெளியே உள்ள ஒரு முனியாண்டி கோயில் படையலில் கிடைத்தது. அக்கா சட்டியோடு போய் நின்றார், நாற்பத்தேழு வயதில். அன்று பகல் அக்காவின் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். பயிற்சி மருத்துவராகிவிட்ட மருமகன் இரவுப்பணி முடிந்த தூக்கக் கண்களோடு வந்திருந்தான். வெங்காயமும் தேங்காய்ப்பூவும் கலந்து, கறுத்து உதிரியாக, பெரிய தட்டில் குவித்துக் கொண்டுவந்து வைத்தார் அக்கா.

"இது என்ன பெரியம்மா?" என்று கேட்டாள் என் மகள்.

"ஆட்டு இரத்தப் பொரியல். உன் அம்மாவுக்கு ஊட்டியது. போட்டுக்கொள், ஆறினால் நன்றாக இருக்காது" என்றார்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்தாள்.